பத்திரம் எழுதாத கைமாற்று: டுவெயின் வேடும் மயாமியும்

2016 ஜூலை 6. அமெரிக்காவில் இரவு, நமக்கு மறுநாள் காலை. கூடைப்பந்து நட்சத்திரம் டுவெயின் வேட் மயாமி ஹீட் அணியை விட்டு சிகாகோ புல்ஸுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. பதின்மூன்று சீசனாக ஒரே அணி, மூன்று சாம்பியன்ஷிப். 2010இல் அவர் ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது மயாமி-டேட் கவுன்டி நிர்வாகமே ஒரு வாரத்துக்கு மயாமி-வேட் என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டது, அந்த அளவுக்கு ஊர் அவர் பின்னால் நின்றது. அப்படிப்பட்டவர் 34 வயதில், சிகாகோ இரண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.7 கோடி டாலர் தருகிறது என்று கிளம்பிவிட்டார். மயாமி சொன்ன தொகை 4 கோடியை ஒட்டி. வித்தியாசம் 70 லட்சம் சொச்சம்.

வாழ்நாள் முழுக்கக் கோடிகளில் சம்பாதித்த மனிதர் 70 லட்சத்துக்காகவா ஊரை விட்டுப் போவார் என்று அன்றைக்கு நிறைய பேர் கோபப்பட்டார்கள். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, சிகாகோ இருக்கும் இலினாயில் உண்டு. வரி போகக் கையில் வரும் வித்தியாசம் இன்னும் சுருங்கும். ஆக, பணத்தை மட்டும் வைத்து இந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. சிகாகோ அவர் பிறந்த ஊர் என்பதும் பாதிக் காரணம்தான். இதைப் புரிந்துகொள்ள 2010க்குப் போக வேண்டும், அப்புறம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சம்பளக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒன்றுதான். மூத்த நட்சத்திரம் ஒருவர் "அணிக்காக" சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது ஒரு கைமாற்று. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, எழுதி வைக்கவும் கூடாது. எழுதினால் குற்றம் என்று லீக் விதியே சொல்கிறது. திரும்பி வருமா வராதா என்பது முழுக்க முழுக்க வாங்கினவரின் மனதைப் பொறுத்தது.

முதலில் விதி. என்பிஏவில் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, கேப் என்பார்கள். அது இறுக்கமான வரம்பு இல்லை. தன்னிடமே குறைந்தது மூன்று ஆண்டு இருந்த வீரரைத் தக்கவைக்க அணி அந்த வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லேரி பேர்ட் பெயரால் இதை பேர்ட் உரிமை என்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து பெரிய ஆளைக் கொண்டுவர வரம்புக்குக் கீழே உண்மையான இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் கேப் ஸ்பேஸ் என்று எல்லோரும் பேசுகிறார்கள். சரி, அப்படியானால் சொந்த வீரரின் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெளியாளை வாங்கி, கடைசியில் பேர்ட் உரிமையை வைத்துச் சொந்த வீரருக்கும் அள்ளிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் கேப் ஹோல்ட் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலும், அணி அவரைக் கைகழுவும் வரை, அவர் பெயரில் ஒரு தொகை கணக்கில் உட்கார்ந்திருக்கும். வேட் மாதிரி சம்பளம் அதிகமுள்ளவருக்கு அது கடைசி ஆண்டுச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரை மடங்கை நினைவில் வையுங்கள், 2016இல் மறுபடி வரும்.

2010இல் கேப் சுமார் 5.8 கோடி டாலர். வேட், லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் பாஷ் மூவரும் ஒரே அணியில் சேர வேண்டும். மூவரும் 2003ஆம் ஆண்டு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தவர்கள், மூவருக்கும் அதிகபட்சச் சம்பளம் கேட்கும் தகுதி இருந்தது. மயாமியின் நிர்வாகத் தலைவர் பாட் ரைலி அணியின் வீரர் பட்டியலையே கிட்டத்தட்ட காலி செய்தார். 2008 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த மைக்கேல் பீஸ்லியை இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு மினசோட்டாவுக்கு அனுப்பினார்கள், சும்மா கொடுத்த மாதிரிதான். அப்படியும் மூவருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தால் மிச்ச அணிக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் மூவரும் ஆளுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் குறைத்துக்கொண்டார்கள். லெப்ரானும் பாஷும் ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 கோடி. வேட் அவர்களையும் விடக் கொஞ்சம் குறைத்து 10.75 கோடி. அவர் தன் அணியிலேயே தங்குகிறவர், சட்டப்படி சுமார் 12.5 கோடி வரை கேட்டிருக்கலாம்.

அந்த வீடு அவருடையது. 2006இல் டல்லாஸுக்கு எதிரான இறுதித் தொடரில் ஆட்டத்துக்குச் சராசரியாக 34.7 புள்ளி எடுத்து அந்த ஊருக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தவர். அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் இரண்டு பேர் வரும்போது, குறைந்த தட்டைத் தான் எடுத்துக்கொண்டார்.

விட்ட பணம் எங்கே போனது என்று அந்த முறை கண்ணால் பார்க்க முடிந்தது, அதனால்தான் அது நல்ல கைமாற்று. ஒரு பங்கு உடோனிஸ் ஹாஸ்லமுக்குப் போனது. மயாமியில் பிறந்த பையன், 2003இலிருந்து வேடுடன் ஆடுகிறவர், வெளியில் 3.4 கோடி வரை கேட்டு வந்ததைத் தள்ளிவிட்டு ஐந்தாண்டுக்கு 2 கோடிக்கு நின்றார். இன்னொரு பங்கு மைக் மில்லருக்கு. 2012 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் அந்த மில்லர் ஏழு மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு 23 புள்ளி எடுத்தார், மயாமி கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு சான் அன்டோனியோவுக்கு எதிராக ஆறாவது ஆட்டம், தோற்றால் தொடரே போச்சு என்ற நிலை. நான்காவது கால் பகுதியில் மில்லரின் ஒரு ஷூ கழன்று விழுந்துவிட்டது. எடுத்து மாட்ட நேரமில்லை. ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ், அப்படியே நின்று மூன்று புள்ளியைப் போட்டார். மயாமி அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் ஜெயித்து, ஏழாவதையும் ஜெயித்தது. வேட் ஆண்டுதோறும் விட்ட 20 லட்சம் எங்கே போனது என்று கேட்டால், நான் அந்த சாக்ஸ் காலைக் காட்டுவேன்.

ஆனால் அதே கோடைகாலத்தில், கோப்பை வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, மயாமி மில்லரை வெளியே அனுப்பியது. காரணம் ஆட்டம் இல்லை, வரி.

2011இல் முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் பேச்சு முறிந்து லீக் மூடப்பட்டு, டிசம்பரில்தான் சமாதானம் ஆனது. அந்த சீசனில் 66 ஆட்டம்தான் நடந்தது. புது உடன்பாட்டில் சொகுசு வரியை, அதாவது மொத்தச் சம்பளம் கேப்புக்கும் மேலே உள்ள இன்னொரு கோட்டைத் தாண்டும் அணி கட்டும் அபராதத்தை, கடுமையாக்கினார்கள். அதுவரை வரிக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் அபராதம். 2013-14 சீசனிலிருந்து முதல் 50 லட்சத்துக்கு டாலருக்கு ஒன்றரை, அதற்கு மேல் ஒன்றே முக்கால், பிறகு இரண்டரை, பிறகு மூன்றேகால் என்று படிப்படியாக ஏறியது. தொடர்ந்து வரி கட்டும் அணிக்கு 2014-15இலிருந்து அதற்கு மேலும் டாலருக்கு ஒரு டாலர் கூடுதல் தண்டனை. லெப்ரான், வேட், பாஷ் மூவரையும் ஒன்றாக வைத்திருந்த மயாமிக்கு இது நேரடி அடி. அதே உடன்பாட்டில் ஒரு வீரரை வரிக் கணக்கிலிருந்து நீக்கிவிட ஒரே ஒரு முறை வாய்ப்பு கொடுத்திருந்தார்கள், அதைப் பயன்படுத்தித்தான் மில்லரை விட்டார்கள். உரிமையாளர் மிக்கி அரிசன் பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனத்தை நடத்திய குடும்பம், பணம் இல்லாதவர் இல்லை. நானும் அவரை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன், வருடக்கணக்கில் வரி கட்டியவர்தான். ஆனால் வீரர்கள் சம்பளம் குறைத்துக்கொண்டு சேர்த்த ஒருவரை, முதலாளி வரி மிச்சம் பிடிக்க வெளியே அனுப்பினார் என்பதை லாக்கர் அறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மில்லர் பிறகு லெப்ரானுடன் கிளீவ்லண்டில் போய் ஆடினார்.

அடுத்து 2014. மயாமி தொடர்ந்து நான்காவது முறை இறுதித் தொடருக்குப் போய் சான் அன்டோனியோவிடம் ஐந்தே ஆட்டத்தில் தோற்றது. வேடுக்கு 32 வயது, முழங்கால் வலியோடு அந்த சீசனில் 54 ஆட்டம்தான் ஆடியிருந்தார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி, 4.18 கோடி டாலர் உறுதியான பணம். வேண்டாம் என்று வெளியே வரும் உரிமை அவர் கையில் இருந்தது. அந்த முழங்காலோடு எந்தக் கணக்குப் பிள்ளையும் வெளியே வா என்று சொல்ல மாட்டான். வேட் வந்தார். லெப்ரான் ஏற்கனவே வெளியே வந்திருந்தார், பாஷும் ஹாஸ்லமும் வந்தார்கள். நால்வரும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் அணிக்கு இடம் கிடைக்கும், இன்னொரு நல்ல வீரரைச் சேர்க்கலாம், லெப்ரானைத் தக்கவைக்கலாம் என்பது திட்டம்.

ஜூலை 11ஆம் தேதி லெப்ரான் கிளீவ்லண்டுக்குத் திரும்பிவிட்டார்.

இங்கேதான் கைமாற்றின் ஆபத்து தெரிகிறது. லெப்ரானுக்காக விட்ட இடம் லெப்ரான் இல்லாமல் காலியாக நின்றது. ஹூஸ்டன் அதிகபட்சச் சம்பளத்தோடு கூப்பிட்டுக்கொண்டிருந்த பாஷுக்கு மயாமி ஐந்தாண்டுக்கு 11.8 கோடி கொடுத்தது. கொடுத்தது சரிதான், அவர் போயிருந்தால் அணியே இல்லை. மிஞ்சிய இடத்தில் லுவால் டெங்கை இரண்டாண்டுக்கு 2 கோடிக்கு எடுத்தார்கள். வேடுக்கு? இரண்டு ஆண்டுக்கு சுமார் 3.1 கோடி. கையில் இருந்த 4.18ஐ விட்டவருக்கு ஒரு கோடிக்கு மேல் குறைவு. தியாகம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரணமே இல்லாமல் போன பிறகும், தியாகம் மட்டும் அப்படியே நின்றது.

2015இல் அவர் மறுபடி வெளியே வந்தார். இரண்டாம் ஆண்டுக்கு எழுதியிருந்த 1.6 கோடி போதாது என்றார். அந்தக் கோடையில் இரு தரப்புக்கும் பேச்சு நல்லபடியாகப் போகவில்லை. கடைசியில் ஓராண்டு, 2 கோடி என்று முடிந்தது. கூட்டிப் பாருங்கள், அந்த இரண்டு சீசனுக்கும் அவர் வாங்கியது 3.5 கோடி, விட்ட 4.18 கோடியோடு ஒப்பிட்டால் 68 லட்சம் இழப்பு. 2016இல் சிகாகோவுக்கும் மயாமிக்கும் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இதே தொகை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிற விஷயம்.

அந்த 2015-16 சீசனில் மயாமி கூடுதல் தண்டனை வரியிலிருந்து தப்பிக்க எப்படியெல்லாம் பாடுபட்டது தெரியுமா? நவம்பரில் மாரியோ சால்மர்ஸை மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள், பிப்ரவரியில் கிறிஸ் ஆண்டர்சனை அனுப்பினார்கள். கடைசியில் கோட்டுக்குக் கீழே இறங்க, காயம்பட்டு உட்கார்ந்திருந்த பெனோ உட்ரி தன் சம்பளத்தில் சுமார் 90,000 டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு விலகினார். கோடிகளில் ஓடும் வியாபாரத்தில் 90,000 டாலர்! அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்த அலுவலகம் அது. அந்த நுணுக்கம் வேட் விட்ட தொகையை எண்ணும்போது மட்டும் காணாமல் போனதா என்பதுதான் என் கேள்வி.

சரி, 2016க்கு வருவோம். புது டிவி ஒப்பந்தப் பணம் உள்ளே வந்ததால் கேப் ஒரே ஆண்டில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. லீக் முழுக்கப் பணம் கொட்டியது, சுமாரான வீரர்கள்கூட ஆண்டுக்குக் கோடி டாலருக்கு மேல் வாங்கினார்கள். வேட் 74 ஆட்டம் ஆடியிருந்தார், ஐந்து ஆண்டில் அதுதான் அதிகம். ரத்தக்கட்டுப் பிரச்சினையால் பாஷ் பிப்ரவரியிலிருந்தே இல்லை. பிளே ஆஃபில் வேட்தான் ஆட்டத்துக்கு 21 புள்ளிக்கு மேல் எடுத்து அணியை டொரான்டோவுக்கு எதிராக ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார். இப்போதாவது கடன் தீரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அதில் தவறென்ன?

மயாமியின் மேஜையில் இருந்த கணக்கைப் பாருங்கள். பாஷ் 2.37 கோடி. கோரன் டிராகிச் ஏறத்தாழ 1.59. ஜாஷ் மெக்ராபர்ட்ஸ் 58 லட்சம். ஜஸ்டிஸ் வின்ஸ்லோ 26 லட்சம். இவர்கள் மட்டும் 4.8 கோடி. அடுத்தது ஹசன் வைட்சைட், உயரமான இளைஞர், முந்தைய ஆண்டு வெறும் 10 லட்சத்துக்குள் ஆடியவர், இப்போது எல்லா அணியும் அவர் பின்னால். இரண்டே ஆண்டு மயாமியில் இருந்ததால் அவருக்கு முழு பேர்ட் உரிமை கிடையாது, கொடுப்பதைக் கேப் இடத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு 9.8 கோடி, முதல் ஆண்டு 2.21. மொத்தம் 7 கோடியைத் தொட்டாகிவிட்டது. வரம்புக்கு மிச்சம் 2.4 கோடி. ரைலியோ அந்தக் கோடையில் ஃப்ரீ ஏஜென்டாக இருந்த பெரிய நட்சத்திரம் கெவின் டுரான்டைப் பார்க்கப் போகிறார், அவருக்குத் தொடக்கமே சுமார் 2.65 கோடி வேண்டும்.

இந்த இடத்தில் வேடின் பெயர் எப்படி நிற்கிறது? முந்தைய ஆண்டு 2 கோடி, ஒன்றரை மடங்கு, கேப் ஹோல்ட் 3 கோடி. அவர் ஒன்றும் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே கணக்கில் 3 கோடி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். அவரைக் கைகழுவாமல் வைட்சைட், டுரான்ட் இரண்டு பேரும் வர முடியாது. வைட்சைட் மட்டும் என்றால்கூட, வேட் முதலில் ஆண்டுக்கு 2 கோடிச் சொச்சத்துக்குச் சம்மதித்துவிட வேண்டும், அப்போதுதான் இருவரும் பொருந்துவார்கள். மயாமி அவரிடம் சொன்ன தொகை ஆண்டுக்கு 2 கோடி. என் கணிப்பில் அந்த எண் வேடின் மதிப்பிலிருந்து வரவில்லை, எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதிலிருந்து வந்தது.

டுரான்ட் ஜூலை 4ஆம் தேதி கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். வேட் 6ஆம் தேதி கிளம்பினார். நாலு நாள் கழித்து, 10ஆம் தேதி, டைலர் ஜான்சன் என்ற இளம் வீரருக்கு புரூக்ளின் எழுதிய நான்காண்டு 5 கோடி ஒப்பந்தத்தை அதே தொகைக்கு மயாமி தானே தந்து அவரைத் தக்கவைத்தது. ஜான்சன் நல்ல உழைப்பாளி, டிராஃப்டில் யாரும் எடுக்காமல் மேலே வந்தவர், அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வேடின் கண்ணில் அது எப்படிப் பட்டிருக்கும்? பேச்சுவார்த்தையின்போது தான் நேரடியாக நடுவில் இல்லாமல் போனதற்கு ரைலி பின்னால் ஊடகங்கள் முன்பே வருத்தம் தெரிவித்தார். மயாமியில் அந்தப் பதின்மூன்று சீசனில் ஒரு சீசனில்கூட வேட் அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர் இல்லை. ஷகீல் ஓ'நீல், பிறகு ஜெர்மெயின் ஓ'நீல், பிறகு லெப்ரான், பாஷ். ஒரு ஆண்டுகூட இல்லை.

"அப்படியென்றால் முன்பே எழுதி வாங்கியிருக்கலாமே, 2014இல் குறைத்துக்கொள்கிறேன், 2016இல் சேர்த்துக் கொடுங்கள் என்று?" இதைப் பலர் கேட்கிறார்கள். முடியாது. மினசோட்டா அணி ஜோ ஸ்மித் என்ற வீரரோடு அதைத்தான் செய்தது. சில ஆண்டு சின்னச் சம்பளத்துக்கு ஆடு, பேர்ட் உரிமை கைக்கு வந்ததும் பெரிய ஒப்பந்தம் தருகிறோம் என்று ரகசியமாக எழுதிக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டு அது வெளியே வந்தது. லீக் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, 35 லட்சம் டாலர் அபராதம் போட்டது, முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும் பறித்தது. எழுத்திலோ வாய்வார்த்தையிலோ பின்னால் தருகிறேன் என்று சொல்வதே விதிமீறல். இந்த விதி இல்லாவிட்டால் கேப்புக்கே அர்த்தம் இல்லை, அது புரிகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வீரர் கொடுப்பது ஒப்பந்தத்தில் கறுப்பு மையில் பதிவாகும், அவருக்குத் திரும்ப வரவேண்டியது எங்கேயும் பதிவாகாது.

பிலடெல்பியாவில் ஜேம்ஸ் ஹார்டன் கதையும் இதே வழியில்தான் போனது. 2022இல் 4.74 கோடி டாலர் ஆண்டை வேண்டாம் என்று விட்டு 3.3 கோடிக்கு ஆடினார், அந்த இடத்தில் பி.ஜே. டக்கரும் டேனுவல் ஹவுஸும் வந்தார்கள். லீக் விசாரித்து, ஃப்ரீ ஏஜென்ட் காலம் தொடங்கும் முன்பே பேச்சு நடத்தியதற்காக அணியின் இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டைப் பிடுங்கியது. அடுத்த கோடையில் ஹார்டன் எதிர்பார்த்த பெரிய ஒப்பந்தம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் சீனாவில் ஒரு நிகழ்ச்சியில் அணி நிர்வாகத் தலைவர் டாரில் மோரியைப் பொய்யர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. மூடிய அறைக்குள் என்ன பேசினார்கள் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. பத்திரம் இல்லாத கடனில் தகராறு வந்தால் இப்படித்தான் முடியும்.

இதற்கு நேர் எதிராக டல்லாஸைப் பாருங்கள். டர்க் நோவிட்ஸ்கியும் 2014இல் இதே நிலைமையில்தான் இருந்தார். முந்தைய சீசனில் 2.27 கோடி வாங்கியவர், மூன்றாண்டுக்கு மொத்தமே 2.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். லேக்கர்ஸும் ஹூஸ்டனும் அதிகபட்சச் சம்பளம் தரத் தயாராக இருந்ததாக அப்போது செய்தி வந்தது. அந்த இடத்தில் டல்லாஸ் ஹூஸ்டனின் சாண்ட்லர் பார்சன்ஸை மூன்றாண்டுக்கு 4.6 கோடிக்கு இழுத்தது. பார்சன்ஸுக்கு முழங்கால் பிரச்சினை, பெரிய பலன் இல்லாமல் 2016இல் போய்விட்டார். ஆட்டத்தின் கணக்கில் டர்க் விட்ட பணம் வீண் என்றே சொல்லலாம். ஆனால் அதே 2016 கோடையில், வேட் மயாமியிலிருந்து கிளம்பிய அதே மாதத்தில், 38 வயதான டர்க்குக்கு டல்லாஸ் இரண்டாண்டு 5 கோடி எழுதியது. அந்த வயதில் அவர் ஆட்டத்துக்கு ஆண்டுக்கு 2.5 கோடி மதிப்பில்லை என்று எழுதினவர்களுக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. அடுத்த கோடையில் அந்த இரண்டாவது ஆண்டை அணி எடுத்துக்கொள்ளாமல் விட, டர்க் மறுபடியும் ஆண்டுக்கு 50 லட்சம் என்று இறங்கிவந்தார். கொடுத்து வாங்கிப் பழகிய இரண்டு வீடுகள் மாதிரி.

கோபி பிரயன்ட் வழி வேறு. 2013 ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்து, மறுபடி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இருந்த நவம்பரிலேயே லேக்கர்ஸ் அவருக்கு இரண்டாண்டு 4.85 கோடி நீட்டிப்பு கொடுத்தது. அவர் குறைத்துக் கேட்கவில்லை. அணியின் கையைக் கட்டிப்போட்டார் என்று எத்தனை பேர் திட்டினார்கள்! லேக்கர்ஸ் 2014-15இல் 21 வெற்றி, அடுத்த சீசன் 17 வெற்றி என்று சரிந்ததும் உண்மை. ஆனால் அந்த அணியின் பெயரையும் டிக்கெட்டையும் இருபது ஆண்டு தாங்கியவர் கேட்ட சம்பளத்தைச் சுயநலம் என்பதும், கேட்டதை விடக் குறைவாகக் கொடுக்கும் முதலாளியைக் கெட்டிக்காரர் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அணிக்கு இடம் போதவில்லை என்றால் அதை அடைக்கும் பொறுப்பு ஏன் எப்போதும் வீரர் தலையில் மட்டும் விழுகிறது?

டிம் டங்கனைக் காட்டி என்னிடம் வாதாடலாம். 2012இல் 2.1 கோடியிலிருந்து பாதியாகக் குறைத்தார், 2014இல் கோப்பை வந்தது, 2015இல் இன்னும் பாதியாகக் குறைத்து லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் வர வழிவிட்டார், ஒரு முணுமுணுப்பு இல்லை. உண்மைதான். ஆனால் டங்கன் அதற்கு முன்னால் பல ஆண்டு சான் அன்டோனியோவில் எல்லோரையும் விட அதிகச் சம்பளம் வாங்கியவர். முதலில் வயிறார வாங்கி, பிறகு விட்டவர். வேடுக்கு அந்த முதல் பாதி நடக்கவே இல்லை.

வேட் தன் வாழ்நாளில் சம்பளமாக வாங்கியது 20 கோடி டாலரை ஒட்டி. இவருக்காக வருத்தப்பட வேண்டுமா என்றால், வருத்தப்பட வேண்டாம். ஆனால் அவர் விட்ட பணம் ஏழைக்குப் போகவில்லை. லீக் வருமானத்தில் பாதியை ஒட்டிய பங்கு மொத்த வீரர்களுக்கு என்று உடன்பாடு இருப்பதால், ஒருவர் குறைத்துக்கொண்டது சுற்றிச் சுற்றி மற்ற வீரர்களின் பையில் சேரும். வரிக்கோட்டுக்கு மேலே இருக்கும் அணியின் முதலாளிக்கோ அன்றைய வரி விகிதப்படி அந்த ஒவ்வொரு டாலரும் இரண்டரை, மூன்று டாலர் மிச்சம். நன்மை யாருக்கு என்று பார்த்தால், கோப்பை வந்தால் எல்லோருக்கும். வராத ஆண்டில் குறைத்துக்கொண்டவரைத் தவிர மற்றவர்களுக்கு.

வேட் போன பிறகு மயாமிக்குக் கிடைத்த சுதந்திரமான இடத்தை என்ன செய்தார்கள்? 2017 கோடையில் ஜேம்ஸ் ஜான்சனுக்கு நான்காண்டு 6 கோடி, டியான் வெய்ட்டர்ஸுக்கு 5.2 கோடி, கெல்லி ஒலினிக்குக்கு 5 கோடி. பாஷ் மறுபடி ஆடவே முடியவில்லை. வேடும் சிகாகோவில் நிலைக்கவில்லை, ஒரு சீசன் முடிந்ததும் சுமார் 80 லட்சத்தை விட்டுக்கொடுத்து விலகினார், கிளீவ்லண்டில் லெப்ரானோடு சில மாதம், பிறகு 2018 பிப்ரவரியில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு மயாமிக்கே திரும்பிவந்தார். அரங்கம் எழுந்து நின்றது. கடைசி சீசனுக்கு அவர் போட்ட ஒப்பந்தம், மூத்த வீரருக்கு விதி அனுமதிக்கும் குறைந்தபட்சம், சுமார் 24 லட்சம்.

2019 ஏப்ரல் 9ஆம் தேதி இரவு மயாமியில் அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டம், பிலடெல்பியாவுக்கு எதிராக. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வேறு ஊரில் டெட்ராய்ட் ஜெயித்து மயாமியின் பிளே ஆஃப் வாய்ப்பு முடிந்துபோனது. வேட் நிறுத்தவில்லை, 30 புள்ளி எடுத்தார். அதே இரவு டல்லாஸில் டர்க்கின் கடைசி உள்ளூர் ஆட்டம், அவரும் 30. டர்க்கின் அந்த ஆண்டுச் சம்பளம் 50 லட்சம், கைமாற்று ஒருமுறை கணக்குத் தீர்ந்த பிறகு அவரே மனதாரக் குறைத்துக்கொண்டது. மயாமியின் சம்பளப் பட்டியலில் அந்த சீசனில் முதலிடம் ஹசன் வைட்சைட், 2.54 கோடி, வேடைப் போல் பத்து மடங்கு.